நடுவில் ஆள் எதற்கு?

எம்.கே.பி. நகரில் ஒரு ஹவுஸிங் போர்டு வீடு. முன்னறையில் இரண்டு லேப்டாப்கள். ஒன்று அக்காவுடையது, மற்றது தம்பியுடையது. அக்காவின் லேப்டாப்பில் இருக்கும் 10 ஜி.பி. கோப்புறை ஒன்று தம்பியின் லேப்டாப்புக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்றடி தூரம். தம்பி என்ன சொல்வான்? "டிரைவ்ல ஏத்திட்டு லிங்க் அனுப்புக்கா."

கணக்குப் போடுவோம். 30 எம்.பி.பி.எஸ். இணைப்பு, எந்தத் தடங்கலும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 10 ஜி.பி.யை மேலே ஏற்ற சுமார் முக்கால் மணி நேரம். கீழே இறக்க இன்னொரு முக்கால் மணி நேரம். மூன்றடியைக் கடக்க ஒன்றரை மணி நேரம், அதுவும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அதே லேப்டாப்களை ஒரு லேன் கேபிளால் இணைத்து ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், கிகாபிட் வேகத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்காரர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். வேறு வழியில்லை. இங்கேயோ சப்வே காய்ந்து கிடக்கிறது, நாம்தான் சுற்றிக்கொண்டு போகிறோம். அதற்கு 'வசதி' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

என் வாதம் இதுதான்: தன்னுடைய கோப்பைத் தன்னுடைய ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் யாரிடமும் கேட்காமல், ஒரு எழுத்துக்கூட மாறாமல் நகர்த்தத் தெரிவது இன்றைக்கு எழுத்தறிவின் ஒரு பகுதி. அது இன்ஜினியர்களின் தொழில் ரகசியம் இல்லை. "அதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் கருணையோடு கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் இளக்காரம்தான் கேட்கிறது.

1

முதலில் அந்த ஒரு வரி என்ன என்று பார்த்துவிடுவோம். எஸ்.சி.பி. என்று ஒரு கட்டளை. அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயர். மறுபடி இடைவெளி விட்டு, போய்ச்சேர வேண்டிய இடம்: அந்தக் கணினியில் உள்ள பயனர் பெயர், அட் குறி, கணினியின் முகவரி, முக்காற்புள்ளி. என்டர். அவ்வளவுதான். எதை, எங்கே, வை. எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் படித்த ஏவல் வாக்கியம்.

இதிலும் வழுக்கும் இடம் உண்டு. கடைசியில் அந்த முக்காற்புள்ளியை விட்டுவிட்டால், பக்கத்துக் கணினிக்குப் போக வேண்டிய கோப்பு, அந்தக் கணினியின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு நகலாக உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தியும் வராது. திருவொற்றியூர் என்று எழுதிய கவர் தபாலில் சேராமல் உங்கள் மேஜையிலேயே கிடப்பது மாதிரி. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் தொடக்கத்தில் நம் நாட்டுப் பெயர் ஒன்று இருக்கிறது. அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணியில் படித்து 1965இல் வெளியேறியவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரலில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்புவதற்கான விதிமுறையை எழுதினார். எஃப்.டி.பி. என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். இணையதளம் என்ற ஒன்று பிறக்க இன்னும் சுமார் இருபது ஆண்டுகள் இருந்தன. கணினிகளை வலையில் இணைத்தவுடனே மனிதர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, "என் கோப்பை அங்கே எப்படி வைப்பது?" என்பது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தேவை அது.

எஃப்.டி.பி.க்கு ஒரு குறை இருந்தது. கடவுச்சொல்லைக்கூட மூடாமல் அப்படியே அனுப்பும். வழியில் ஒட்டுக்கேட்பவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் அப்படி ஒரு கடவுச்சொல் திருட்டு நடந்ததும், அங்கிருந்த டாட்டு யிலோனன் 1995இல் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய குழாயை எழுதினார். எஃப்.டி.பி. 21ஆம் போர்ட்டில் இருந்தது, டெல்நெட் 23இல் இருந்தது, நடுவில் காலியாக இருந்த 22ஐ இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எஸ்.சி.பி. அந்தக் குழாயின் வழியாகத்தான் ஓடுகிறது. வடசென்னைக்காரனுக்கு போர்ட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சரக்கு வந்து இறங்கும் இடம். எந்தச் சரக்கு எந்த பெர்த்தில் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இதற்கு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸ் 10இல் 2018 முதல் எஸ்.சி.பி. கூடவே வருகிறது. மேக்கில் இருக்கிறது, லினக்ஸில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் போட்டால் அதிலும் கிடைக்கும். பெறும் பக்கத்தில் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும்: மேக்கில் 'ரிமோட் லாகின்' என்ற ஒரு பொத்தான், விண்டோஸில் கூடுதல் வசதிகளில் சேர்க்கும் ஓபன் எஸ்.எஸ்.எச். சர்வர். வேலை முடிந்ததும் கதவை மூடிவிடலாம்.

2

"சரி ப்ரோ, வாட்ஸ்அப்ல போனா என்ன குறைஞ்சிடும்?"

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் போகும் செய்தி வழியில் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகிறது. என் புகார் அது இல்லை. என்ன குறைகிறது என்பதற்கு எண்ணூருக்குப் போக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. படகுகள், வலைகள், அலையாத்தி மரங்கள், பறவைகள் எல்லாவற்றின் மேலும் கறுப்பு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இப்படி ஒன்று நடக்கும்போது முதல் சாட்சி யார்? கரையில் ஃபோனோடு நிற்கும் மீனவர். அவர் எடுக்கும் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம் இருக்கும். லொகேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பதும் இருக்கும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியவுடன் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. படம் சுருக்கப்படுகிறது. உள்ளே இருந்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. பத்துக் குழுக்களைச் சுற்றி வரும்போது அது யாருடையதோ, எங்கேயோ, எப்போதோ எடுத்த ஒரு மங்கல் படம். "இது பழைய படம், வேற ஊரு படம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், இல்லை என்று நிறுவ அந்தப் படத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பினால் இந்தச் சேதம் இல்லை. ஆனால் அந்த அவசரத்தில் அதை யார் செய்கிறார்கள்?

கோப்பு மாறாமல் போய்ச்சேர்ந்ததா என்று சரிபார்க்கவும் ஒரு வரி உண்டு. துறைமுகத்தில் கன்டெய்னரைப் பூட்டி எண் போட்ட சீல் வைக்கிறார்களே, அதே தர்க்கம். கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம் வெளியே வரும். ஷா-256 என்பது அந்தக் கணக்கின் பெயர். படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினால்கூட அடையாளம் அடியோடு மாறிவிடும். அனுப்பிய இடத்தில் ஒரு தடவை, பெற்ற இடத்தில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் சீல் உடையவில்லை.

இது கணினிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால், சட்டத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது தர வேண்டிய சான்றிதழின் படிவத்திலேயே இந்த அடையாளத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு இது தேவைப்படுகிறது. கழிமுகத்தில் நிற்பவருக்கு மட்டும் தேவையில்லையா?

இன்னொன்று. புயலுக்குப் பிறகு நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, நெட்வொர்க் இல்லை. இரண்டு லேப்டாப்பில் சார்ஜ் இருந்து நடுவில் ஒரு கேபிளும் இருந்தால் கோப்பு போகும். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம்.

3

இலக்கியம் படிப்பவர்கள் இதில் ஏன் அக்கறைப்பட வேண்டும் என்று கேட்கலாம். உங்களுக்குத்தான் இழப்பு அதிகம் என்பேன்.

இணையத் தமிழின் முதல் தலைமுறை எங்கே எழுதியது? ஜியோசிட்டீஸ் பக்கங்களில். யாஹூ குழுமங்களில். 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' என்று பெயர் சொன்னாலே சிலருக்கு இன்னும் முகம் மலரும். ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள். யாஹூ குழுமங்களின் பழைய மடல்களை 2019 இறுதியில் அகற்றத் தொடங்கி, 2020 டிசம்பரில் மொத்தமாகக் கடையைச் சாத்தினார்கள். கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் போனது. ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு தந்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்தார், நமக்கு மூட்டை கட்டத் தெரியவில்லை. கட்டத் தெரிந்தவர்கள் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டார்கள். ஜியோசிட்டீஸில் கணிசமான பகுதி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது என்றால், ஆர்க்கைவ் டீம் போன்ற தன்னார்வலர்கள் கட்டளை வரியில் உட்கார்ந்து அள்ளியதால்தான்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை, உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து அழிக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் நடைமுறை. ஒரு கவிஞர் இறந்துபோகிறார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. வெளியாகாத கவிதைகள், பாதி எழுதிய நாவல், எல்லாம் டிரைவில். டிரங்குப் பெட்டியில் கையெழுத்துப் பிரதி இருந்த காலத்தில் கரையான் வந்தது, மழை வந்தது. ஆனால் பெட்டி வீட்டில் இருந்தது. மனைவியோ மகளோ என்றாவது ஒரு நாள் திறந்து பார்த்தார்கள்.

எதிர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. திருக்குறளிலிருந்து ஆரம்பித்து, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த கோப்புகள். எழுத்துரு முறை மாறியது, டிஸ்கி வந்தது, பிறகு யுனிகோட் வந்தது. கோப்புகள் ஒவ்வொரு முறையும் பெயர்ந்து இடம் மாறி உயிரோடு இருக்கின்றன. காரணம் எளிது. யார் வேண்டுமானாலும் எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கக்கூடிய சாதாரணக் கோப்புகள் அவை. ஒரே ஒரு கடையின் அலமாரியில் மாட்டிக்கொள்ளவில்லை.

உங்கள் சிற்றிதழுக்கு, உங்கள் வாசகசாலைக்கு இதைச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டது. அதன் யோசனை அழகானது. பெறும் கணினி, தன்னிடம் இருக்கும் பழைய பிரதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாளம் போட்டு அனுப்பும். அனுப்பும் கணினி தன் புதிய பிரதியில் அந்தத் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, இல்லாததை மட்டும் அனுப்பும். 40 ஜி.பி. ஸ்கேன் தொகுப்பில் நேற்று மூன்று இதழ்கள் சேர்ந்தன என்றால் இன்றைக்கு அந்த மூன்றுதான் பயணப்படும். நடுவில் கரண்ட் போனால், பாதி வந்த கோப்பை வைத்துக்கொள் என்று முன்கூட்டியே ஒரு சொல் சேர்த்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும் ஒத்திகை வசதியும் உண்டு. அங்கே இருந்து இங்கே இல்லாததை அழி என்று கட்டளையிடும் முன் அந்த ஒத்திகையை ஒரு தடவை பாருங்கள்.

பென் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நல்ல சாதனம், நடுவில் ஆள் இல்லாதது. ஆனால் கடையில் வாங்கும் பல பென் டிரைவ்கள் ஃபேட்-32 முறையில்தான் வருகின்றன, 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்றும் அதற்குத் தெரியாது.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 'கொடி' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். அந்த 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. அதிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோனால், ஏற்கெனவே அங்கே இருக்கும் 'கொடி'யும் புதிதாக வந்த 'கொடி'யும் வேறு வேறு என்று ஆகி, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். ஆர்சிங்கில் இதற்கென்றே ஒரு மாற்று வசதி இருக்கிறது. கட்டளை வரியில் இந்தச் சிக்கலைப் பிடிக்க முடியும், சரிசெய்யவும் முடியும். செயலியில் பொத்தான் இல்லையென்றால் இல்லை.

4

இனி அந்தப் பெரிய ஆட்சேபம். "இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்கு கருப்பு ஸ்க்ரீனா? ஓடிருவாங்க."

யார் ஓடியது? எஸ்.சி.பி. என்பது ஆங்கிலமா? லண்டனில் பிறந்தவனுக்கும் அது முதல் நாள் புரியாது. அவனும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும், ஒப்புக்கொள்கிறேன். அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டு. எங்கள் பகுதியில் வண்டி மெக்கானிக் பையன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், கேஸ்கெட், கிராங்க், டிஃப்ரன்ஷியல் என்று நாள் முழுக்கப் பேசுகிறான். ஹார்பரில் கிரேன் ஓட்டும் அண்ணன் கையாளும் சொற்களை எண்ணிப் பாருங்கள். வேலைக்குத் தேவையான சொல்லை உழைக்கும் மனிதர்கள் என்றைக்கும் கற்றுக்கொண்டார்கள். கணினி என்று வந்ததும் மட்டும் "பாவம், அவங்களுக்கு கஷ்டம்" என்கிறோம்.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. பெரிய காரியம், கிண்டலடித்தவர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்தத் தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, தமிழில் இயங்கக்கூடியது. அதாவது அரசே ஒரு கட்டளை வரியை வியாசர்பாடி வரை கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தது. என் தெருவில் அந்த லேப்டாப் வாங்கியவர்களில், அந்த இன்னொரு பாதியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. முதல் வாரமே கடைக்குக் கொண்டுபோய் அதை அழித்து, கேம்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களால் முடியாது என்று பெரியவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

தமிழில் பாடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது, எல்லாம் இலவசம். நாம் அதைப் படிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதில் என் தொழில்காரர்களுக்கும் பங்குண்டு. கட்டளை வரியை ஒரு பூணூல் மாதிரி போட்டுக்கொள்கிறார்கள். கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடவிட்டு ரீல்ஸ் போடுவது. யாராவது அடிப்படைக் கேள்வி கேட்டால் "மேனுவலைப் படி" என்று விரட்டுவது. ஒரே ஒரு சாய்கோடு விட்டுப்போனதற்காகச் சிரிப்பது. ஆர்சிங்கில் கோப்புறைப் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் கோப்புறையோடு போகும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு மேதாவித்தனம் செய்வதும், "சாமானியனுக்கு எதுக்கு" என்று கதவைச் சாத்துவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. வீட்டுக்குள் இது சுலபம். எம்.கே.பி. நகரிலிருந்து எண்ணூருக்கு அனுப்புவது அவ்வளவு சுலபம் இல்லை. பல இணைப்பு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஹவுஸிங் போர்டு பிளாக் முழுவதற்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? வீட்டிலிருந்து கடிதம் போடலாம், வீட்டுக்குக் கடிதம் வராது. அதற்கு ஒரு சின்ன வாடகை சர்வரோ, வேறு சுரங்கவழி மென்பொருளோ வேண்டும். இதை இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை. ஐ.பி.வி.4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. ஐ.பி.வி.6 வந்து பல வீடுகளுக்குத் தனி எண் கிடைத்த பிறகும், உள்ளே வரும் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. நாம் வாங்கிக்கொள்பவர்கள் மட்டும்தான், கொடுப்பவர்கள் இல்லை என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. ஆனால் மூன்றடி தூரத்துக்குக்கூட அனுப்பத் தெரியாத ஊர் அந்தப் பூட்டைப் பற்றி யாரிடம் போய்க் கேட்கும்?

அதனால் பெரிய திட்டம் எதுவும் சொல்லப்போவதில்லை. சிற்றிதழ் நடத்துகிறீர்கள் என்றால், உங்கள் இதழ்களின் மூலக்கோப்புகள் இரண்டு வேறு வீடுகளில், இரண்டு வேறு கணினிகளில் இருக்கின்றனவா என்று இன்று இரவு பாருங்கள். கல்லூரியில் தமிழ் மன்றம் இருந்தால், ஒரு சனிக்கிழமை இரண்டு லேப்டாப்பையும் ஒரு கேபிளையும் நடுவில் வைத்து உட்காருங்கள். எழுதுகிறவர் என்றால், உங்கள் கோப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி எடுப்பது என்று வீட்டில் ஒருவருக்காவது காட்டிவையுங்கள். முதல் தடவை இணைக்கும்போது, "இந்தக் கணினியை நான் முன்பின் பார்த்ததில்லை, தொடரட்டுமா?" என்று திரை கேட்கும். பயப்பட வேண்டாம். அது மூன்றடி தள்ளி இருக்கும் தம்பியின் கணினிதான்.